கட்டின கயிறு

கயிறு திரிக்கிறவர்கள் வீட்டில் வீடு சின்னது, கொட்டகை பெரியது. முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் போய் முடியும் அளவுக்கு நீளம், மாட்டுத் தொழுவத்தின் அகலம். ஒரு முனையில் ராட்டை. அதைச் சுற்றுகிறவர் அங்கேயே இருப்பார். இன்னொருவர் இடுப்பில் நாரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, விரல்களால் நாரை விட்டு விட்டு, பின்னோக்கியே நடந்து அந்த முனைக்குப் போவார். அவர் போகப் போகக் கயிறு வளரும். ராட்டை போடுகிற கூச்சலில் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது. அதனால் கயிறுதான் பேச்சு. இறுகி நின்றால் சுற்று. தொய்ந்தால் நிறுத்து. இரண்டு முறை வெட்டி இழுத்தால் நார் தீர்ந்தது என்று பொருள்.

அப்பா சுற்ற, பெரியவன் நடக்க, அம்மா வாசலில் உட்கார்ந்து நார் சீவ, பல வருஷம் அப்படித்தான் ஓடியது. பெரியவனுக்கு உடம்பு முழுக்கக் கால்தான். தெருவில் எல்லோருக்கும் அவன் கொக்கு. "எல்லார் வீட்டுலயும் முன்னால போய்த்தான் முன்னேறுறாங்க. நம்ம வீட்டுல பின்னால போனாத்தான் சோறு" என்று அவன் சொல்லாத நாள் கிடையாது. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அந்தப் பேச்சுக்கு அப்பா மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிப்பார்.

ஊரில் கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது வீட்டில் முதலில் போனது அப்பாதான். அப்போது யாருக்கும் பயம் இவ்வளவு முற்றவில்லை. காய்ச்சல் வண்டி வாசலில் வந்து நின்றபோது அவர் தாமாகவே ஏறி உட்கார்ந்தார். ராட்டை அச்சுக்கு எண்ணெய் போடச் சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைகள் போட்டு நோயாளிகளை அங்கே வைத்திருந்தார்கள். அங்கிருந்து வண்டி மட்டும் தினமும் திரும்பி வந்தது. முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை. வண்டிக்காரன் தலையை ஆட்டினான், அவ்வளவுதான் செய்தி.

அதற்குப் பிறகு ராட்டை சின்னவள் கைக்கு வந்தது. அவளுக்குப் பதின்மூன்று வயது. உயரம் போதாமல் ஒரு பலகைமேல் நின்று சுற்றினாள். அண்ணன் அவளை எலி என்பான். நன்றாகச் சுற்றினால் பெருச்சாளி என்று பதவி உயர்வு கொடுப்பான். ஊரில் பாதிக் கடை மூடிக்கிடந்தாலும் கயிற்றுக்குக் கிராக்கி குறையவில்லை. எதற்கு என்று அந்த வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் பாதிக் கயிற்றில் பெரியவன் நின்றுவிட்டான். கயிறு தொய்ந்தது. சின்னவள் ராட்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவன் கொட்டகையின் நடுக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கிட்டே வராதே என்று கையைக் காட்டினான். பிறகு அம்மாவைக் கூப்பிட்டான். மூவரும் பேசினார்கள், நடுவில் அந்தக் கம்பம் இருந்தது. வண்டியில் ஏற மாட்டேன் என்றான். பின்தெருக் கதவைப் பூட்டிவிடு, நான் இந்தக் கோடியிலேயே படுத்துக்கொள்கிறேன், சாப்பாட்டையும் தண்ணீரையும் கம்பத்தடியில் வையுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன், யாரும் தாண்டி வரக்கூடாது என்றான். சந்தைக்குப் போகிற பேச்சு மாதிரித்தான் சொன்னான். அம்மா நாரை மடியில் வைத்தபடியே கேட்டாள். கேட்டு முடித்ததும், "வீட்டுல ஒருத்தரைக் கொடுத்தாச்சு. மிச்சத்தையும் கொடுக்கச் சொன்னா நான் எங்க போவேன்" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. பிறகு சின்னவள் பக்கம் திரும்பி, கம்பத்தைத் தாண்டினால் காலை ஒடிப்பேன் என்றாள்.

எழுந்து வர முடியாமல் போனால் தெரிய வேண்டுமே என்று கயிற்றை யோசித்தவன் அவன்தான். ராட்டைக் கொக்கியில் ஒரு முனை, அவன் கையில் மறு முனை. படுத்தபடி இழுத்துப் பிடித்திருப்பான். இறுகி இருந்தால் ஆள் இருக்கிறான். தொய்ந்தால் வந்து பார்க்கலாம்.

சின்னவள் பகலெல்லாம் பலகைமேல் உட்கார்ந்து கயிற்றின்மேல் கையை வைத்திருந்தாள். ஆள் பிடித்திருக்கிற கயிறு சும்மா இருக்காது. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். அவன் மூச்சு விட்டால் அதில் ஒரு அசைவு வரும். இருமினால் துள்ளும். அவள் கண் சொருகுகிற நேரம் பார்த்து அந்தக் கோடியிலிருந்து வெடுக்கென்று ஒரு இழுப்பு வரும். அவள் தூக்கிவாரிப் போட்டு எழுந்து, பதிலுக்கு இழுப்பாள். "நோயாளிகிட்ட என்னடி மல்லுக்கட்டு" என்று அம்மா வாசலிலிருந்து அதட்டுவாள். அதட்டும்போதே முகம் கொஞ்சம் தெளியும்.

வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு சுகாதார ஆட்கள் வந்தார்கள். முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர். ஒருவன் கையில் சுண்ணாம்பு வாளி இருந்தது. நோய் உள்ள வீட்டுக் கதவில் அடையாளம் போட்டுவிட்டால் அடுத்து வருவது வண்டி. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அம்மா மூன்று என்றாள்.

"கொக்கு எங்கே?" என்று வாளிக்காரன் கேட்டான். அவனுக்கும் அந்தப் பெயர்தான் தெரியும்.

உள்ளே கயிறு விட்டுக்கொண்டிருக்கிறான் என்றாள் அம்மா. அவன் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான். நடுக்கம்பம் வரை வெளிச்சம், அப்புறம் இருட்டு. இருட்டுக்குள் கயிறு இறுகி நீண்டு போயிருந்தது. அவன் நகராமல் நின்றான். அம்மா சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் பலகைமேல் ஏறி ராட்டையைச் சுற்றினாள்.

வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. கயிறு இறுகி நின்றால் சுற்ற வேண்டும்; சுற்றாவிட்டால் அது வேலை நடக்கிற கொட்டகை இல்லை. முறுக்கு கயிற்றில் ஏறி ஏறி அந்தக் கோடிக்குப் போனது. அங்கே அதை வாங்க நாரும் இல்லை, நடக்கிற காலும் இல்லை. ஒரு கை மட்டும்தான். முறுக்கேறிய கயிறு பிடித்தவன் உள்ளங்கையை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கயிறு தொய்யவில்லை. வாளிக்காரன் போகிற வரைக்கும் தொய்யவே இல்லை. அவர்கள் பக்கத்து வாசலுக்குப் போன பிறகு, இரண்டு முறை வெட்டி இழுப்பு வந்தது. நார் தீர்ந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

மறுநாள் காலையில் கம்பத்தடியில் வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. அம்மா போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். நேற்றைவிட விறைப்பாக நின்றது. "இறுக்கமாத்தான் இருக்கு. தூங்குறான் போல. தூங்கட்டும், தூக்கம்தான் மருந்து" என்றாள்.

சின்னவள் கையை வைத்தாள். கயிறு இருந்தது. அதில் யாரும் இல்லை.

"அம்மா, இது புடிச்ச கயிறு இல்ல. கட்டின கயிறு."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

"அசையலம்மா. அவன் முளையில கட்டிட்டான். கை முடியலன்னா தொய்யும், தொய்ஞ்சா நாம போவோம்னு கட்டிட்டான்."

அம்மா மறுபடி தொட்டாள். அவள் ஆயுசில் ராட்டைப் பக்கம் வந்தவள் இல்லை. அவள் விரலுக்கு நாரின் தரம் தெரியும், கயிற்றின் உயிர் தெரியாது. இறுக்கமாகத்தானே இருக்கிறது, இறுக்கமாக இருந்தால் நன்றாக இருக்கிறான் என்றுதானே பேச்சு என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சின்னவள் பலகையிலிருந்து குதித்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் நடுக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அண்ணே" என்று சின்னவள் கத்தினாள். அக்கம்பக்கத்தில் கேட்டுவிடும் என்று அம்மா அவள் வாயை மூடினாள். அந்தக் கோடியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கையை விட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, முதலில் நார் அறையில் இருந்து ஒரு கட்டு எடுத்து வா, அவனுக்குப் படுக்கையில் போட வேண்டும் என்றாள். நார் அறை கொட்டகையை ஒட்டினாற்போல் இருந்தது, நடுவில் பலகைச் சுவர். சின்னவள் உள்ளே போய்க் குனிந்தாள். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

அதற்கு முன் அம்மா அவளை ஏமாற்றியதே இல்லை. மருந்து கொடுத்தால்கூடக் கசக்கும் என்று சொல்லித்தான் கொடுப்பாள்.

சின்னவள் கதவை இடித்தாள், உதைத்தாள். பிறகு பலகைச் சுவர் இடுக்கில் கண்ணை வைத்தாள். தெரிந்தது கையகலம்தான்: நடுக்கம்பத்தில் பாதி, கயிற்றில் ஒரு முழம். அம்மாவின் சேலை அதைக் கடந்து போனது. காலடிச் சத்தம் கேட்டது. பிறகு அந்த ஒரு முழக் கயிறு அசைந்தது, தளர்ந்தது, கண்ணுக்குக் கீழே இறங்கிக் காணாமல் போனது. அம்மா முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

"எதுக்கு வந்தே?"

அண்ணன் குரல்தான். உயிரோடு இருந்தான். சின்னவள் நெற்றியைப் பலகையில் வைத்து அழுத்திக்கொண்டாள். அம்மா ஏதோ சொன்னாள். "கட்டி வச்சேனே. இறுக்கமாத்தானே கட்டினேன்" என்றான் அவன், கோபமாக. வேலையில் குற்றம் சொன்னால் அவனுக்கு வருகிற அதே கோபம். அம்மா, ஆமாம் ராசா, இறுக்கமாத்தான் இருந்துச்சு என்றாள். கையைக் காட்டு என்றாள். அப்புறம் வெகுநேரம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எலி எங்கே?"

"உள்ள வச்சுத் தாழ் போட்டிருக்கேன்."

"நல்லதாப் போச்சு" என்றான்.

அது அவள் காதில் விழுந்தது. அவன் பேசியதில் கடைசியாக அவளுக்குப் புரிந்தது அதுதான். மத்தியானத்துக்கு மேல் அவன் அப்பாவிடம் பேச ஆரம்பித்துவிட்டான். அம்மா ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினாள். ஒரு கட்டத்தில் உம் நின்றது. சின்னவள் காதைப் பலகையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அம்மா அழுகிற சத்தம் வரவில்லை. வந்திருந்தால் தெருவுக்குக் கேட்டிருக்கும், தெருவுக்குக் கேட்டால் வண்டி.

வெயில் சாய்கிற நேரம் இடுக்கில் வெளிச்சம் மறைந்தது. அந்தப் பக்கம் அம்மா வந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன்?" என்றாள் சின்னவள்.

"தூங்கிட்டான்."

"கதவைத் திறம்மா."

"நான் தொடக்கூடாதுடி. அவனைத் தூக்கி மடியில வச்சிருந்தேன்." தச்சர் வீட்டு அத்தையை வேலிப் பக்கம் நின்று கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாள். அந்த அத்தைக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது, இனி வராது. அவள் இப்போதுதான் எழுந்து நடமாடுகிறாள், மெதுவாகத்தான் வருவாள். வந்து தாழ் திறந்து கூட்டிக்கொண்டு போவாள். அங்கேயே இருக்க வேண்டும். வண்டி வரும், வந்தால் எட்டிப் பார்க்கக்கூடாது.

"நீ எப்ப வருவே?"

அத்தை வரும்வரை பேசிக்கொண்டே இரு என்றாள். என்ன பேசுவது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. நார்க் கட்டுகளை எண்ணிச் சொல்லேன் என்றாள் அம்மா. சின்னவள் எண்ணினாள். எது நல்ல நார், எது மட்டம் என்றும் சொன்னாள். மட்டமானதை அடியில் போட்டு விற்கிறார்கள் திருட்டுப் பயல்கள் என்று அம்மா வழக்கம்போல் வைதாள். பலகையின்மேல் இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை இருந்திருக்கலாம். மரம் தடிமன். ஒன்றும் தெரியவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எலும்பும் தோலுமாக. சின்னவள் கையைப் பற்றிக் கொல்லைப் பக்கம் இழுத்தாள். சின்னவள் திமிறிப் பார்த்தாள். நோயிலிருந்து எழுந்த கைக்கு அவ்வளவு பலம் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அம்மா நடுக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள், குழந்தையைத் தூக்கிவிடாமல் இருக்கத் தன்னையே கட்டிப்போட்டவள் மாதிரி. தலையெல்லாம் நார்த் தூசி. அவர்கள் கொல்லைப்படி இறங்கும்போதுதான் குரல் கொடுத்தாள்.

"கிணத்தடியில வழுக்கும். பாத்துப் போ."

அம்மா பேசி அவள் கேட்டது அதுதான் கடைசி. சின்னவள் பார்த்துத்தான் போனாள்.