ஆசிஃபா சேலையில் மாட்டிய சிவப்பு அட்டை

“ஏத்து, இன்னும் ஏத்து, புள்ள நல்லா வளரட்டும்...”

“போதும்யா, பெத்தவ ஒடம்புல கொஞ்சம் மிச்சம்...”

“நீ வாய மூடிக்கினு கெட!”

“நான் மூடிக்கினா அவ எழுந்து நிக்க மாட்டா, தெரியுமா?”

ஆசிஃபாவின் ஐந்து மாத வயிற்றுக்குள்ளிருந்து இந்தச் சண்டை வெளியே கேட்டது. நெய்வேலியில் அவர்கள் இருந்த பிளாக்கில் யாரும் இதற்காகக் கூட்டம் கூடவில்லை. பஸ்சுக்கு நின்றவர்கள், வடலூரில் கத்திரிக்காய் விலை ஏறியதைப் பேசிய வாயாலேயே இதையும் பேசினார்கள். தடித்த குரல் குழந்தையில் அவள் கணவன் ஹாமித் தந்த பாதி, மெல்லிய குரல் அவள் தந்த பாதி என்பது சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஹாமித்துக்குத்தான் கஷ்டம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்க முடியவில்லை.

அவன் அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்க்கிறவர் சுவிட்சை அணைத்துத் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அதில் மாட்டுவார். வேலை முடிந்ததும் மாட்டியவரேதான் கழற்ற வேண்டும். குழந்தைக்குள்ளும் ஏற்பாடு அதுதான். இரண்டு பாதியிலும் ஒரே வயரிங். எது எரிய வேண்டும், எது அணைந்திருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. ஆண் அவசரக்காரன். தான் தாய் வயிற்றில் இருக்கும்போதே, பின்னால் விந்தாகப் போகிற அணுக்களில் தன் அட்டைகளை மாட்டிவிடுவான். பெண் நிதானக்காரி. அவளும் தாய் வயிற்றிலேயே, அப்பா அம்மா மாட்டிய பழைய அட்டைகளைக் கழற்றிவிட்டு, முட்டைகளை அப்படியே காத்திருக்க வைப்பாள். வளர்ந்து பெரியவளாகி முட்டை முதிரும்போதுதான் தன்னுடையதை மாட்டுவாள், அதுவும் வேறு சுவிட்சுகளில். அதனால்தான் அப்பன் பாதி வளர் என்றது, அம்மா பாதி போதும் என்றது.

ஹாமித் ஒரு சிவப்பு அட்டையில் தன் பெயரை எழுதி, தூங்கிக்கொண்டிருந்த மனைவியின் சேலையில் ஊக்கால் குத்தினான். மெல்லிய குரல் நின்றது. அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

அதன் பிறகு வயிறு மட்டும் வளர்ந்தது. ஆசிஃபா வற்றிக்கொண்டே போனாள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்து பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த விருத்தாம்பாள் ஊக்கை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. சேலையை மாற்றினாலும் அட்டை புதுச் சேலைக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஏழாம் மாதச் சோறு ஆக்கிக்கொண்டு ஆசிஃபாவின் அம்மா தாஜ் பீவி வந்த அன்று, ஒரு கவளத்தை எடுத்து வாயில் வைக்கக்கூட மகளுக்குக் கை எழவில்லை.

“கழட்டுங்க மாப்ள.”

“வேலை முடியாம கழட்டக்கூடாது மாமி. ரூல்ஸ்.”

“ரூல்ஸ கட்டிக்கினு நீ தூங்குவப்பா,” என்றாள் விருத்தாம்பாள். “நாளைக்கு யார் கூட குடும்பம் நடத்துவ, அந்த அட்டை கூடவா?”

ஹாமித் மனைவியின் கையைப் பிடித்துப் பார்த்தான். வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. அழுதுகொண்டே ஊக்கைக் கழற்றினான்.

“அப்பாடா,” என்றது மெல்லிய குரல். “மொதல்ல அவளுக்குச் சோத்த ஊட்டுங்க.”

அவனே ஊட்டினான். சண்டை மறுபடி தொடங்கியது. அன்று முதல் அந்தச் சத்தம் இல்லாமல் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஆசிஃபாவின் கன்னத்தில் சதை திரும்பியது. வயிற்றில் காதை வைத்து, “ரெண்டு பேரும் அவங்கவங்க அட்டையோடயே இருங்க, யாரும் கழட்ட முடியாது,” என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் அவன் ஷிப்டுக்குக் கிளம்பினான்.

ஒன்பதாம் மாதம் ஒரு காலை அவன் அப்படிச் சொன்னபோது இரண்டு குரல்களும் சட்டென்று அடங்கின. அவற்றுக்கும் உள்ளேயிருந்து, கடுகளவு மூன்றாவது குரல் ஒன்று வந்தது.

“என் முட்டைங்கள்ல இருந்த ஒங்க ரெண்டு பேரு அட்டையையும் நான் எப்பவோ கழட்டிட்டேன் அத்தா, நான் பெரியவளாயி என்னுத மாட்டிக்கிறேன், அதுவரைக்கும் யாரும் கைய வைக்காதீங்க.”