பந்தயக் காரின் தட்டல்

மிட்டாதார் ஆவுடைநாயகத்தின் கார், கொழும்புத் துரை ஒருவர் பந்தயத்தில் ஓட்டித் தேய்த்த வண்டி. எட்டு வருடப் பழசு. கங்கைகொண்டான் மேட்டில் ஏறும்போதெல்லாம் வயிற்றுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போலத் தட்டுகிறதாம். பஞ்சு மில்லில் நீராவி எஞ்சின் பார்த்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

மிட்டாதார் கார்க் கொட்டகைக்கும் வீட்டு வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"வே பிச்சைக்கண்ணு, இந்த டிரைவர் பய சீமையில இருந்து வந்த எஞ்சின் எண்ணெய ஏரல் சந்தையில வித்துட்டு மட்டமானத ஊத்துதான். நீரு ஆமான்னு சொன்னா போதும். பொழுது சாயுமுன்ன போலீஸ்ல விட்டிருவேன்."

டிரைவர் பீர் மைதீன் என் பக்கம் ஓடி வந்தான். "அல்லா அறிய எடுக்கல, மேஸ்திரி."

நான் அவனை நம்பவில்லை. மிட்டாதாரையும் நம்பவில்லை.

வண்டியைக் கிளப்பச் சொன்னேன். நீளக் கம்பியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறுமுனையைப் பல்லில் கடித்தேன். தட்டல் மண்டைக்குள் இறங்கியது. தீப்பொறிக் கம்பியை ஒவ்வொரு சிலிண்டராக எடுத்துப் பார்த்தேன். மூன்றாவதில் எடுத்ததும் தட்டல் அமுங்கிவிட்டது. அங்கே சுழல் தண்டைத் தாங்கும் ஈயப் பூச்சு தேய்ந்திருக்கிறது. எண்ணெய் போய்ச் சேரவில்லை.

வண்டியை அணைத்து அடிமூடியைக் கழற்றினேன். வழிந்ததை மோந்து பார்த்தேன். இலுப்பெண்ணெய் வாடை.

"பாத்தீரா!" மிட்டாதார் துள்ளினார்.

மைதீன் முகம் செத்துவிட்டது. திருட்டுப் பயல் என்றுதான் நானும் நினைத்தேன். இருந்தாலும் மூன்றாவதுக்குப் போகும் எண்ணெய்க் குழாய்க்குள் கம்பியை விட்டு இழுத்தேன். கருகிய விளக்குத் திரி ஒன்று சுருண்டு வந்தது.

இலுப்பெண்ணெயில் ஊறிய திரி என்றால் கோயில் விளக்கில் எரிந்ததுதான். மைதீன் கைக்கு அதை யார் கொடுப்பார்?

வாசலில் நின்ற மிட்டாதார் மனைவி கோமு எட்டிப் பார்த்தாள். "பிள்ளையார் கோயில் விளக்குல மிஞ்சுனதுல்லா அது! வண்டிக்குக் கண்ணு பட்டிரக் கூடாதுன்னு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நாந்தான் ஊத்துதேன்."

மிட்டாதாரின் நடை நின்றது. "சரி சரி, அந்தத் திரிய இங்கன தாரும். வெளிய மூச்சு விடாதேயும்."

நான் திரியை மடியில் முடிந்துகொண்டேன். "மைதீன் திருடலன்னு தெருவுக்குக் கேக்கச் சொல்லுங்க எசமான். பெறகு தாரேன்."

அவர் என்னை முறைத்தார். பிறகு, மைதீன் திருடவில்லை என்று முணுமுணுத்தார்.

"கேக்கல," என்றேன்.

இரண்டாம் முறை தெருவுக்கே கேட்டது. திரியைக் கொடுத்தேன்.

மைதீன் பைய அருகே வந்தான். "நீரும் என்னையத் திருடன்னுதான பாத்தீரு?"

"இப்பவும் முழுசா நம்பல. ஈயம் உருக்கணும், வண்டியப் பட்டறைக்குத் தள்ளும் வே."