சுகுமாறன் இல்லாத செவ்வாய்க்கிழமை

சுகுமாறன் இறந்தது ஒரு திங்கட்கிழமை காலை. மில் வேலைக்குக் கிளம்பிக் காரில் ஏறியவர் சாவியைப் போட்டபடியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. மறுநாள் செவ்வாய்க்கிழமை, அவர் மனைவி சீதாலெட்சுமிக்கு டயாலிசிஸ் நாள்.

கிள்ளானில் இருந்த அந்த வீட்டின் கூடத்தில் உடல் கிடத்தப்பட்டிருந்தது. தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து முந்தைய நாளே வந்துவிட்ட மகள் வாணி உட்காரவேயில்லை. வாசலுக்குப் போனாள், அடுப்படிக்குப் போனாள், அம்மாவின் கால்களைப் பார்த்தாள், மறுபடி வாசலுக்குப் போனாள். கால்கள் வீங்கியிருந்தன. சனிக்கிழமைக்குப் பிறகு அம்மாவின் ரத்தம் சுத்திகரிக்கப்படவில்லை.

பந்திங்கிலிருந்து வந்திருந்த பெரியப்பா கன்னையா, பன்னிரண்டு மணிக்குள் எடுத்துவிடலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, அம்மாவுக்கு இன்னிக்கி டயாலிசிஸ்."

"ஒரு நாளு போகாட்டி என்னாம்மா? நாளைக்கிக் கூட்டிட்டுப் போ லா."

"நாளைக்கி இடம் இல்லையாம். போன் பண்ணிக் கேட்டுட்டேன். இப்பவே மூச்சு வாங்குது அவங்களுக்கு."

"புருஷன் பொணம் வீட்ல கெடக்கு. பொண்டாட்டி வெளிய போனா ஊரு என்னா பேசும்?"

வாணி அவரைத் தாண்டி நடந்தாள். அம்மாவிடம் போய்க் குனிந்தாள். சீதாலெட்சுமி கணவரின் தலைமாட்டை விட்டு நகரவில்லை.

"நான் வரல. அவர விட்டுட்டு எங்க போறது?"

"அப்பா இருந்தா விட்டுருப்பாராம்மா?"

அம்மா அவர் நெற்றியைத் தொட்டாள். பிறகு கையை ஊன்றி எழுந்தாள். கன்னையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மூணு மணிக்கி ராகு காலம். அதுக்கு முன்னாடி எடுத்தாகணும். பாத்துக்க," என்று மட்டும் சொன்னார்.

டயாலிசிஸ் நிலையம் ஒரு கடை வீட்டின் மேல்மாடியில் இருந்தது. கார் நிறுத்த இடம் தேடி வாணி அதே தெருவை மீண்டும் மீண்டும் சுற்றினாள். அப்பா எங்கே நிறுத்துவார் என்று அவளுக்குத் தெரியாது. போர்வை எடுத்துவர வேண்டும் என்பதும் தெரியாது. உள்ளே போனதும் அம்மா குளிரில் நடுங்கினாள். நர்ஸ் சுமையா தன்னுடைய ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்திவிட்டாள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள் அவள்.

"அங்கிள் வரலையா ஆன்டி?" என்று கேட்டுவிட்டு, வாணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

வாணி சொன்னாள். சுமையா ஊசியைக் கையில் எடுத்தவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள். மற்ற நாற்காலிகளில் படுத்திருந்தவர்களும் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகும் வாணியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நடைபாதைக்குப் போய் தகனத்துக்குப் பதிவு செய்திருந்த மின்சுடலைக்குப் போன் செய்து நேரத்தை மாற்றினாள். உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி வெளியே போனாள்.

"இப்படி உக்காரும்மா, பாக்கவே தல சுத்துது," என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்த பஞ்சவர்ணம் ஆன்டி. "உங்கப்பாவும் மொத நாளு இப்படித்தான் நின்னாரு. இந்தக் குழாய் எங்க போவுது, தண்ணி எங்கேருந்து வருது, கரண்ட் போனா என்னா செய்வீங்க... கேள்வி மேல கேள்வி. கவர்மெண்டுல இருந்து சோதனைக்கி வந்திருக்காருன்னே நெனச்சோம்."

சுமையா சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கரண்ட் போனா மெஷினக் கையால சுத்தி ரத்தத்தத் திருப்பி ஏத்துவோம்னு சொன்னேன். அதையும் சுத்திக் காட்டச் சொன்னாரு. அப்புறந்தான் ஆன்டிய விட்டுட்டு டீ குடிக்கவே கீழ போனாரு."

சீதாலெட்சுமி கண்ணை மூடியபடியே பேசினாள். "வெள்ளம் வந்தப்ப தெலுக் பங்லிமா காராங்ல ரோடே தெரியல. அப்ப நாங்க மில்லுல குடுத்த வீட்ல இருந்தோம். டயாலிசிஸுக்கு வர, மில் லோரியில என்னைய ஏத்தி உக்கார வெச்சிட்டு, இவரு எறங்கி ஒரு கம்பு வெச்சு ரோட்டக் குத்திப் பாத்துக்கிட்டே முன்னால நடந்தாரு. இடுப்பு வரைக்கும் தண்ணி. அடுத்த மாசமே கிள்ளானுக்கு வீடு மாத்திட்டாரு. தெனமும் அவ்ளோ தூரம் போய் வரணுமேன்னேன். மில்லத் தூக்கிட்டு வர முடியாது, வீட்டத் தூக்கிட்டு வரலாம்னாரு."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "வாணி, எனக்கு இதெல்லாம் போதும்னு இருக்கு. இனிமே வேணாம்."

வாணி அந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

முடித்து ஊசியை எடுத்தபோது ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு நனைந்தது, மாற்றினார்கள், அதுவும் நனைந்தது. சுமையா வேறொருவரின் இயந்திரத்துக்கு ஓட வேண்டியிருந்தது. வாணியின் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். கன்னையாவின் அழைப்பு வந்துகொண்டேயிருந்தது. ஒரு கையால் போனைத் தேடி எடுத்து அமர்த்தினாள்.

"பயந்து பயந்து புடிக்காத. நல்லா அழுத்து," என்றாள் அம்மா.

ரத்தம் நின்றபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. திரும்பும் வழியெல்லாம் லோரிகள். சிவப்பு விளக்கில் நின்றபோது வாணி ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"வியாழக்கிழமை யாரு கூட்டிட்டுப் போவா?" என்று அம்மா கேட்டாள்.

"நான்."

"பிரிக்ஃபீல்ட்ஸ்லதானே வேலை?"

"இங்கேயே வந்துடறேன். எப்படியாவது பாத்துக்கலாம்மா."

சீதாலெட்சுமி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "உங்கப்பாவுக்கு கடல் தாண்டி சரவாக்ல ஒரு மில்லுல மேனேஜர் வேலை குடுத்தாங்க. அந்தக் காட்டுப் பக்கம் டயாலிசிஸ் இல்லன்னு வேணாம்னுட்டாரு. அப்புறம் என்னாங்க பண்றதுன்னேன். பாத்துக்கலாம்னாரு. அத மட்டுந்தான் சொன்னாரு."

"வியாழக்கிழமை வருவீங்கதானேம்மா?"

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த லோரி ஹாரன் அடித்தது.

"வரேன்," என்றாள் அம்மா.

தெருவின் இருபுறமும் கார்கள் நின்றன. சவ வண்டி வாசலில் காத்திருந்தது. முறுக்கிக்கொண்டிருந்த கன்னையாதான் முதலில் ஓடிவந்து கார்க் கதவைத் திறந்து, கட்டுப் போட்ட கையில் படாமல் அம்மாவைப் பிடித்து இறக்கினார். சீதாலெட்சுமி நேராக உள்ளே போய்க் கணவரின் பாதத்தருகே அமர்ந்தாள்.

"போயிட்டு வந்துட்டேங்க," என்றாள்.

அதன் பிறகுதான் அழுதாள். வீடு முழுவதும் அவளோடு அழுதது. வாணி மட்டும் சுவரில் சாய்ந்து நின்று, நேரமாகிறது, நேரமாகிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ராகு காலத்துக்கு முன்பே சுகுமாறனைத் தூக்கினார்கள்.