நாற்பதைத் தாண்டக்கூடாது

என் சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், புது வண்டி வாங்கினான். வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனார் வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. மாமனாரை என் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, காட்டுப் பாதையில் நீர்த்தேக்கத்துக்குப் போய், இரண்டு பேரும் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பது எனக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து நடக்கிறது. மீன் கிடைக்கிறதோ இல்லையோ, அந்த ஒரு நாள் அவர் எனக்கு மட்டும்தான் மாமனார்.

"மாமா, இங்க பாருங்க," என்று சகலை ஒரு பொத்தானை அழுத்தினான். உஸ்ஸென்று சத்தம். நின்ற இடத்திலேயே வண்டி மெல்ல எழுந்தது.

"இதுல ஸ்பிரிங் கிடையாது மாமா. சக்கரத்துக்கு ஒண்ணா காத்துப் பை. காத்தை ஏத்துனா வண்டி மேல போகும், விட்டா கீழ வரும். மேடு பள்ளம், கல்லு, எதுவும் அடியில தட்டாது."

மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கினவனிடமும் 'அந்த ஒண்ணு எங்க?' என்று கேட்கிற ஆள். அவர் குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா! எங்க, இறக்கித் திரும்ப ஏத்துங்க பார்ப்போம்," என்றார். என் ஜீப்பை அவர் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

"அண்ணே, நீங்களும் இதுலயே வாங்களேன்," என்றான் சகலை.

"வேணாம்ப்பா. எனக்குன்னு ஒரு ஓட்டை ஜீப் இருக்கு."

பக்கத்தில் நின்ற என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "மூஞ்சில எள்ளும் கொள்ளும் வெடிக்குது. கொஞ்சம் சிரிச்சுத் தொலைங்க."

மாமனார் நேராகப் போய்ச் சகலையின் வண்டியில் ஏறிக்கொண்டார். எப்போதும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும் தலையணையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 'உயரமா உக்காந்தா வழி நல்லா தெரியும் மாப்பிள்ள' என்று சொல்லி, ஜீப் சீட்டில் அதைப் போட்டுத்தான் உட்காருவார். இன்றைக்கு வண்டியே உயர்ந்துவிட்டதே, தலையணை எதற்கு என்று பொருமிக்கொண்டே கிளம்பினேன்.

தார்ச்சாலை முடிந்து காட்டுப் பாதை தொடங்கியதும் அவன் வண்டியை முழுசாகத் தூக்கிவிட்டு முன்னால் போனான். நான் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் போனேன். ஜீப் ஒவ்வொரு குழியிலும் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அங்கே பின்கண்ணாடி வழியாகத் தெரிந்த மாமனாரின் தலை ஆடவே இல்லை. கையை வீசி என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். என்னிடம் அவர் அப்படிக் கைவீசிப் பேசியதில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

பாதை கொஞ்சம் அகலமான இடத்தில் ஹாரனை அலறவிட்டு அவனை முந்தினேன். அவன் மட்டும் சும்மா இருப்பானா? ஏட்டிக்குப் போட்டியாக விரட்டிக்கொண்டு வந்தான். நான் இன்னும் அழுத்தினேன். பின்னால் தடாரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், புது வண்டி பாதை நடுவிலிருந்த மண்மேட்டில் வயிறு மோதி உட்கார்ந்திருந்தது. சக்கரங்கள் சும்மா சுற்றின. மாமனாருக்கு அடி எதுவும் இல்லை.

சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. "வேகம் நாப்பதைத் தாண்டினா வண்டி தானா கீழ இறங்கிடும்ணே. உயரமா வச்சு வேகமா போனா கவுந்துடும்னு கம்பெனிக்காரன் அப்படி செஞ்சிருக்கான். படிச்சுப் படிச்சு சொல்லித்தான் வண்டியைக் குடுத்தான். நீங்க முந்தின வேகத்துல மறந்துட்டேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் படாத பாடு பட்டேன். கயிறு கட்டி ஜீப்பால் இழுத்து வண்டியை எடுத்துக் கொடுத்தேன். அடியில் சிராய்ப்புதான், வேறு சேதமில்லை.

"வாங்க மாமா, நம்ம ஜீப்புக்கே போயிடலாம். இரும்பு இரும்புதான். காத்தை நம்பி யாராவது வண்டி ஓட்டுவாங்களா?"

மாமனார் ஜீப்பின் வெறும் சீட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஏறினார். நான் தலைகால் புரியாமல் கிளப்பினேன்.

முதல் குழியில் ஜீப் குதித்தது. அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அடுத்த குழியில் பல்லைக் கடித்துக்கொண்டது எனக்கே கேட்டது.

"மாமா, இடுப்பா?"

"ஒண்ணுமில்ல, ஓட்டுங்க மாப்பிள்ள. தலகாணியை மறந்துட்டேன், அதான்."

"அது வழி தெரியறதுக்குன்னு சொன்னீங்களே?"

அவர் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் வண்டியை நிறுத்தினேன். "எத்தனை நாளா மாமா? ஏன் சொல்லல?"

"சொன்னா, வயசாயிடுச்சு, வீட்டுலயே இருங்கன்னு நிறுத்திடுவீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா நான் எங்க போவேன், யாரோட போவேன்?"

இறங்கி அவர் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். கையைப் பிடித்து மெல்ல இறக்கி, பின்னால் வந்து நின்ற சகலையின் வண்டிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

"என்னண்ணே?"

"மாமா உன்கூடயே வரட்டும். வண்டியைத் தூக்கியே வை. நான் முன்னாடி போறேன். என்னை முந்தணும்னு நினைச்சே, தொலைச்சுடுவேன்."

ஜீப்பைப் பாதையின் நட்டநடுவில் போட்டு உருட்டினேன். அவன் ஹாரன் அடித்தான், வழி விடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். உயரத்தில் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்துக்கொண்டு, மாமனார் கைவீசி என்னவோ சொன்னார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன ஜோக்கோ, எனக்கு யார் சொல்லப் போகிறார்கள்! நீர்த்தேக்கம் வரை வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. ஸ்பீடாமீட்டர் முள்ளை முப்பதுக்கு மேல் ஏற நான் விடவில்லை.