ஜனாஸா அறிவித்தலுக்குக் கீழே

அந்த வசனத்தைச் சொன்னது நான்தான். எழுதியது மட்டும்தான் என் கணவர் வினோதன்.

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. காலையிலிருந்து அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவருடைய பள்ளிக்கூட உயர்தர வகுப்புத் தோழர்களின் வட்ஸ்அப் குழுவில், துறைமுகக் காணியை யாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது என்று தொடங்கிய சண்டை, வழக்கம்போல மதியத்துக்குள் உங்கட ஆக்கள், எங்கட ஆக்கள் என்று வந்து நின்றது. துறைமுகத்தை அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வைத்துத்தான் எழுதிக் கொடுக்கப்போகிறார்கள் போல இந்த மனுசனுக்கு அப்படி ஒரு அவசரம். இரண்டு வருடமாக இதே கூத்து. சோறு ஆறும், குழாய் ஒழுகும், பிள்ளையின் கணக்குப் பாடம் அப்படியே கிடக்கும். எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் அலுத்துப்போன நானும் அவர் வாசித்துக் காட்டினால் காது கொடுத்துக் கேட்பேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னேரம் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

“றஊப் காலமையிலிருந்து ஒரு சொல்லும் எழுதேல்லை. மாட்டிக்கொண்டான்,” என்றார்.

கிண்ணியா றஊப் அவருடைய உயிர்ச் சிநேகிதன். குழுவுக்குள் மட்டும் பரம எதிரி.

“வாயில கொழுக்கட்டையோ எண்டு கேளுங்கோ,” என்றேன் நான்.

சிரித்துக்கொண்டே அப்படியே எழுதி, றஊபின் பெயரையும் போட்டு அனுப்பினார். சற்று நேரத்தில் பதில் வந்தது. நீளமான, சூடான பதில். உரத்து வாசித்தார். ஆளுக்கு ரோசம் வந்திட்டுது என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

பொழுதுபடும்போது அதே குழுவிலுள்ள றிஸ்வி போனில் கூப்பிட்டார்.

“வினோதன், நீ ஏன் மையவாடிக்கு வரல்ல?”

றஊபின் உம்மா நஜ்முன் நிஸா அன்று காலை மௌத்தாகியிருந்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று றிஸ்வி குழுவில் ஜனாஸா அறிவித்தல் போட்டிருந்தார். விரலால் தள்ளித் தள்ளித் தேடினோம். இருந்தது. அதற்குக் கீழே நாலைந்து பேரின் சண்டை. அதற்கும் கீழே எங்கள் கொழுக்கட்டை.

தன் வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கிற நாளில் இவருக்கென்று தனிச்சட்டியில் கணவாய்க் கறி வைத்தவர் அந்த உம்மா. எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஆளாய் வந்தவர். இவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனோம். வழியெல்லாம் இவர் மன்னிப்புக் கேட்பதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது பின்னால் இருந்த எனக்குக் கேட்டது. நான் சொல்ல வேண்டியதை நானும் முடிவு செய்து வைத்திருந்தேன். அது நான் சொன்னது, அண்ணன். அவ்வளவுதான்.

முற்றத்தில் கதிரையில் இருந்த றஊப் அண்ணன் இவரைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தார்.

“மச்சான், நான் அறிவித்தலைப் பாக்கேல்லை. சத்தியமா…” என்று இவர் தொடங்கினார்.

“நீ வராதது கிடக்கட்டும் மச்சான். நானும் அங்க இல்லையே.”

எங்களுக்கு விளங்கவில்லை.

“உம்மாவக் கபுறுல வெக்கக்குள்ள மூத்த மகன் எண்டு என்னத்தான் கூப்பிட்டிருக்காங்க. நான் மையவாடி மதிலோரம் நிண்டு உனக்குப் பதில் எழுதிட்டு இருந்தன். போனைப் பாத்திருக்கவே கூடாது. மத்ததெல்லாம் பொறுத்துட்டன். அந்தக் கொழுக்கட்டைக் கதையத்தான் தாங்க ஏலாமப் போச்சு. எழுதி முடிச்சிட்டு ஓடிப்போனா, தம்பி இறங்கி வெச்சிட்டான். மண்ணும் போடத் தொடங்கிட்டாங்க.”

முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“யாரு வெண்டா, யாரு தோத்தா என்ன மச்சான். எனக்கு இனி ஏலாது.”

“மன்னிச்சுக்கொள்ளு. நான்தான் எழுதினனான், நான்தான்,” என்று இவர் அழுதார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் பேச வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. வெட்கமும் பயமும் சேர்ந்த அழுகை.

றஊப் அண்ணனின் மனைவி ஸுல்பிகா உள்ளேயிருந்து ஓடி வந்து என்னை அணைத்துக்கொண்டாள்.

“அழாதீங்க லக்சனா. மாமிக்கு உங்கள எண்டா உசிரு,” என்று முதுகைத் தடவினாள்.

நான் அவளுடைய தோளில் சாய்ந்து, மாமிக்காகவே அழுகிறவள்போல அழுதேன்.