நடுவில் ஆளில்லாத ஸ்விட்ச்

1

கீ... கீ... கீ...

அலாரம்! பென்னாகரத்துத் தனியார் இணைய நிலையத்தில் ஸ்விட்ச் ஒன்று அலறுகிறது. அங்கே வேலை பார்க்கும் மலர்விழி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓட—

ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு பொத்தானை அமுக்கினாள், சத்தம் நின்றது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நெட் போய், இந்த வாரத் தொடரை அனுப்ப முடியாமல், சண்டை போடத்தான் அங்கே போனேன். சண்டை மறந்துபோய், ஒரு கதையோடு திரும்பினேன்.

2

ஸ்விட்சைப் பற்றி ஒரு பத்தி. விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை, இணையச் செய்திகளை வழி பிரித்து அனுப்பும் பெட்டி. (தாவிவிடாதீர்கள். காதல் இதற்குள்தான் இருக்கிறது.)

நீங்கள் அனுப்பும் செய்தி துண்டு துண்டாக, பாக்கெட் பாக்கெட்டாகப் போகிறது. ஒவ்வொன்றும் போக வேண்டிய இடத்தைத் தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வரும். வழியில் ஒவ்வொரு முனையும் அந்த முகவரியில் ஒரே ஓர் இலக்கத்தை மட்டும் பார்க்கும். பூஜ்யம் என்றால் மேலே, ஒன்று என்றால் கீழே. ஒரே வாசலுக்கு இரண்டு வந்து முட்டினால் ஒன்று போகும், மற்றது காத்திருக்கும்.* நடுவில் உட்கார்ந்து வழி சொல்ல ஆளே கிடையாது. நடுவில் உட்கார்ந்து பாத்திரங்களுக்கு வழி சொல்லியே பிழைக்கும் தொடர்கதைக்காரனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

*இன்ஜினியர் வாசகர்கள் கடிதம் போட வேண்டாம். சுருக்கித்தான் சொல்கிறேன்.

3

மலர்விழிக்கு ஓசூருக்கு மாற்றல். இன்று இங்கே கடைசி நாள். பக்கத்து மேஜை சின்னராஜ் தன் மனதில் இருப்பதை இன்று சொல்லாவிட்டால், அவ்வளவுதான்.

(வில்லன் வேண்டுமே? தலைமை அலுவலகத்தை வைத்துக்கொண்டேன். காலையிலிருந்து சின்னராஜும் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தான்.)

"இங்கயே ஆளில்ல, உங்களத் தூக்கி ஓசூர்ல போடறாங்க. மூளை இருக்குதுங்களா அவங்களுக்கு?"

"அங்கயும் ஸ்விட்ச் இருக்குதுங்களே."

"அங்க நான் இல்லீங்களே" என்றான் சின்னராஜ்.

இல்லை, அதை எழுதியது நான். அடித்துவிட்டேன். அவன் சொன்னது இதுதான்: "ஓசூர் பஸ்ல கூட்டம் ஜாஸ்திங்க."

4

மாலை. மலர்விழி பையை எடுத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள்.

"நீங்க சொல்லுங்க."

"இல்லீங்க, நீங்க மொதல்ல."

"பரவால்லீங்க, நான் அப்புறம் சொல்றேன்."

"நானும் அப்புறமே சொல்றனுங்க."

ஸ்விட்சோடு குடித்தனம் நடத்துகிறவர்கள்தான் இப்படி மாட்டிக்கொள்வார்கள். முட்டிக்கொண்டால் ஒருவர் காத்திருக்க வேண்டும் என்பது இருவருக்கும் பாடம். ஆகவே இருவரும் காத்திருந்தார்கள்.

என் கையில் மூன்று முடிவுகள் இருந்தன. அ: சின்னராஜ் துணிந்து சொல்லிவிடுகிறான். (பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசினவனா?) ஆ: மழை, கரண்ட் போகிறது, இருட்டில் கையோடு கை— (அங்கே பேட்டரி இருக்கிறது. விளக்கு அணையாது.) இ: தலைமை அலுவலகம் மனமிரங்கி மாற்றலை ரத்து செய்து—

இதை முடிக்க மலர்விழி விடவில்லை. நான் எழுதாத ஒன்றைச் சொன்னாள். அதற்குச் சின்னராஜ் என்ன சொன்னான் என்று என்னைக் கேட்காதீர்கள், அவனுக்கு நீங்களே ஒரு பதில் கொடுத்துவிடுங்கள்.

"ஆபீஸத் திட்டாதீங்க. மாத்தல் கேட்டதே நாந்தானுங்க. போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்றீங்களான்னு பாத்தேன்."