இரவல் ஜாக்கெட்

ஜெர்மனியின் கார்ஹிங்கில் இயந்திரப் பொறியியல் படிக்கும் கம்சனாவுக்கு அன்று குளிருக்குப் போட எதுவும் இருக்கவில்லை. அவளுடைய ஜாக்கெட் தோய்க்கிற இயந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து அவளைப் பார்க்க வந்த அண்ணன் கிருபன் பசி தாங்காமல் வாசலில் நின்று முணுமுணுத்தான். வேறு வழியில்லாமல், கூட இருக்கும் கொரியத் தோழி ஹேரின் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு மாதக்கணக்காகத் தொடாத நீல ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். முதுகில் ஏதோ பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

ஊபான் ரயிலில் மியூனிக்குக்குப் போய், ஹேரின் அடிக்கடி புகழும் சின்னக் கொரியச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார்கள். கல்லாவில் இருந்த முதலாளி பார்க் அவளுடைய முதுகைக் கண்டதும் எழுந்தார், குனிந்து வணங்கினார். கேட்காத தொடுகறிகள் மேசைக்கு வரத் தொடங்கின.

"என்னடி, மனுசன் உன்னைக் கண்டு எழும்பி நிக்குது?" என்றான் கிருபன்.

"தெரியேல்லை அண்ணா. பேசாமல் சாப்பிடு."

பார்க் பக்கத்தில் வந்து ஜெர்மனில் கேட்டார். "நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவரா?"

முதுகில் இருப்பது ஹேரின் படித்த பல்கலைக்கழகத்தின் பெயர் என்று அப்போதுதான் கம்சனாவுக்கு விளங்கியது. கொரியாவில் பேர்போன மூன்று பல்கலைக்கழகங்கள் உண்டு. அவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் வானம் என்று வரும். அங்கே இடம் கிடைத்தவளுக்குச் சொந்தபந்தம் முழுக்க நாற்காலி இழுத்துப் போடும். கிடைக்காதவளிடம் தலை நரைக்கும்வரை ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கும். எல்லாம் ஹேரின் சொன்னதுதான். அந்தப் பேச்சே காதில் விழாத ஊர் வேண்டும் என்றுதான் அவள் ஜெர்மனிக்கு வந்திருந்தாள்.

இல்லை என்று சொல்லத்தான் கம்சனா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பொரித்த கோழி வந்தது. ஆமென்று தலை தானாக ஆடிவிட்டது. பெயரைக் கேட்டதும் மனிதர் உருகியே போனார். கம்சா என்றால் கொரிய மொழியில் நன்றி.

"என் மகள் தச்சுவேலை பழகப்போகிறாளாம். நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்றவர், மகள் யுனாவை அழைத்து எதிரில் உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

யுனா கொரிய மொழியில் ஏதோ கேட்டாள். கம்சனா சிரித்துவைத்தாள்.

"எந்த வருடம் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன்" என்றாள் யுனா ஜெர்மனில். "சிரிப்பு அதற்குப் பதில் இல்லை."

கம்சனாவுக்கு முகம் சுட்டது. உண்மையைச் சொல்லி ஜாக்கெட்டைக் கழற்றப் போனாள். யுனா அவள் கையைப் பிடித்தாள். "கழற்றாதீர்கள். நான் ஒரு வருடமாகக் கெஞ்சுகிறேன். இந்த ஜாக்கெட் ஒரு தடவை சொன்னால் அப்பா கேட்பார்."

"மாட்டுப்படப்போறாய்" என்று கிருபன் தமிழில் எச்சரித்தான்.

"அண்ணா, நீ என்ன படிச்சனி?"

"மெக்கானிக் அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி. ஏன்?"

"அப்பா கோயிலிலை உன்னை என்னெண்டு சொல்லுறவர்?"

"இஞ்சினியர் எண்டு."

"அப்ப வாயை மூடிக்கொண்டு இரு."

பார்க் திரும்பி வந்ததும் கம்சனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் அப்பாவிடம் சொல்ல நினைத்து விழுங்கியதையெல்லாம் இவரிடம் சொன்னாள். "இவன் என் அண்ணன். தொழில் பழகினவன். திங்கட்கிழமை காலையில் விசிலடித்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஆள் எங்கள் வீட்டில் இவன் மட்டும்தான். உங்கள் மகளும் அப்படிப் போகட்டுமே."

கிருபனின் காது சிவந்தது. "அங்கே படித்தவரே சொல்லும்போது நான் யார்" என்று பார்க் பெருமூச்சு விட்டார். அடுத்த கிழமையே மகளைத் தச்சுப்பட்டறை ஒன்றுக்கு அவரே கூட்டிப்போனார்.

சில நாள் கழித்து ஹேரின் ஒரு மாதிரியான முகத்தோடு அறைக்கு வந்தாள்.

"பார்க் கடைக்குப் போனேன். எங்கே படித்தாய் என்றார். சொன்னேன். அப்படியானால் கம்சனாவைத் தெரியுமே என்றார்."

கம்சனா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நீ என்ன சொன்னாய்?"

"தெரியும், எனக்கு இரண்டு வருடம் மூத்தவர் என்றேன்."

கட்டிப்பிடிக்க வந்தவளை ஹேரின் தள்ளி நிறுத்தினாள். "எங்கள் வழக்கப்படி மூத்தவர்தான் இளையவர்களுக்குச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானும் சிநேகிதிகளும் வருகிறோம்."

ஞாயிறன்று கொரியப் பெண்கள் வரிசையாக நின்று, பார்க் பார்த்திருக்க, கம்சனாவை வணங்கினார்கள். பிறகு கொஞ்சமும் இரக்கமில்லாமல் சாப்பிட்டார்கள். மூன்றாவது தட்டு இறைச்சி வந்தபோது கம்சனா பார்க்கிடம் மெல்லக் கேட்டாள்.

"உங்கள் வழக்கத்தில், மூத்தவர் சொன்னால் இளையவர் மறுக்கலாமா?"

"ஒருபோதும் கூடாது" என்றார் பார்க், நெஞ்சை நிமிர்த்தி.

கம்சனா ஹேரினின் பக்கம் திரும்பினாள். "இந்த மாதம் முழுக்கக் குளியலறை கழுவுற முறை உன்னுடையது."

ஹேரின் பார்க்கைப் பார்த்தாள். அவர் காத்திருந்தார். வாயில் இருந்த இறைச்சியை விழுங்கிவிட்டு, அவள் எழுந்து இடுப்பு வளைய வணங்கினாள்.